நாற்காலிகள் கைமாறிய கதை: ஃபுல்லர்ட்டன் முதல் நகர மண்டபம் வரை ஒரு தமிழ் நடைச்சுற்றுலா

சிங்கப்பூரின் பழைய அரசாங்கக் கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் நடைச்சுற்றுலாக்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை தூண்கள் எந்தப் பாணியில் அமைந்தவை, கவர்னர்கள் யார் யார் என்று சொல்லி முடிந்துவிடும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நான் கலந்துகொண்ட நடையோ அந்தக் கட்டடங்களுக்குள் கிடந்த நாற்காலிகளைப் பற்றியது. காலனித்துவ அரசாங்கச் சேவையின் உயர்பதவிகளில் இருந்த ஆங்கிலேயர் எப்படி, எந்த வேகத்தில், என்ன செலவில் விலகினார்கள், அவர்களுடைய இடங்களில் இவ்வூர்க்காரர்கள் எப்படி அமர்ந்தார்கள் என்பதை, மூன்று மணி நேரத்தில், முழுக்கத் தமிழிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள். 1950களில் அந்த மாற்றத்துக்கு வழங்கிய பெயர் ‘மலாயாமயமாக்கம்’. கட்டணம் 40 வெள்ளி. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவியும் 12 பக்கக் கையேடும் அதில் அடக்கம். நடத்துவது சிறிய குழு. குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

நடை தொடங்கும் இடம் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் முன்புறம். இன்று நட்சத்திர விடுதியாக இருக்கும் இக்கட்டடம் 1928இல் திறக்கப்பட்டபோது தலைமை அஞ்சல் நிலையம் இங்கேதான் இருந்தது. பெயருக்குரிய ராபர்ட் ஃபுல்லர்ட்டன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் முதல் கவர்னர். அதற்கு முன் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் உயர்ந்தவர் என்பதை வழிகாட்டி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். 1867 ஏப்ரல் 1 வரை சிங்கப்பூரின் நிர்வாகம் கல்கத்தாவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. அன்றுதான் அது லண்டனின் காலனி அலுவலகத்திடம் நேரடியாகச் சென்றது. அதுவரை இங்கே வந்த அதிகாரிகள் இந்தியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அதற்குப் பிறகு இந்தக் குடியேற்றத்துக்கென்றே லண்டனில் பொறுக்கி எடுக்கப்பட்ட இளைஞர்கள் கப்பலேறி வந்தார்கள். இந்த ஒரு திருப்பத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கியது பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளமாக அமைந்தது.

அஞ்சல் நிலையத்தைத் தொடக்கப் புள்ளியாகத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1952 மே மாதத்தில் ஏறத்தாழ 500 அஞ்சல் ஊழியர்கள் ஊதியத்துக்காக இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர், கேம்பிரிட்ஜில் படித்து முடித்துத் திரும்பியிருந்த இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் அவர்களுக்கு ஆதரவாக எழுதியவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். இது பலரும் அறிந்த செய்திதான். ஆனால் வழிகாட்டி இதை அரசியல் தலைவர் ஒருவரின் எழுச்சிக் கதையாகச் சொல்லவில்லை. அரசாங்க ஊழியரிடையே எந்தப் படிநிலையில் எவ்வளவு சம்பளம் என்ற கேள்வி அந்த ஆண்டில் அடிமட்டத்திலும் மேல்மட்டத்திலும் ஒரே நேரத்தில் எழுந்தது என்று காட்டுவதற்காகச் சொன்னார். மேல்மட்டத்துக் கதை சற்று நேரம் கழித்து, ஆற்றுக்கு அக்கரையில் வருகிறது.

கவனா பாலத்தைக் கடக்கும்போது, மாடுகளையும் குதிரைகளையும் பாலத்தில் ஓட்டிச்செல்லக் கூடாது என்ற பழைய காவல்துறை அறிவிப்புப் பலகையைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே பத்து நிமிடம் வீணானது. பலகைக்கும் பயணத்தின் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எம்பிரஸ் பிளேஸ்தான் இந்த நடையின் நெஞ்சுப்பகுதி. இன்று ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கும் அந்த வெண்ணிறக் கட்டடம் 1860களில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழும்பியது. பின்னர் பலமுறை விரிவாக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் அரசாங்க அலுவலகமாகவே இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவும் குடிநுழைவுத் துறையும் இங்கே இயங்கியதால், பிறப்புச் சான்றிதழுக்காக இதே மண்டபங்களில் வரிசையில் நின்ற நினைவு மூத்த தலைமுறையினர் பலருக்கும் உண்டு. எங்கள் குழுவில் இருந்த பதினெட்டுப் பேரில் ஐவர் அப்படிப்பட்டவர்கள். நாங்கள் ஆற்றங்கரை நிழலில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் உட்கார்ந்தோம். வழிகாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் குறிப்பெதுவும் இல்லாமல் பேசினார்.

அவர் வரைந்துகாட்டிய படிக்கட்டு இதுதான். மேலே நிர்வாகச் சேவை. அதில் சேரும் இளைஞருக்குக் ‘கேடட்’ என்று பெயர். 1882 முதல் அவர்கள் லண்டனில் போட்டித் தேர்வின் வழியாக எடுக்கப்பட்டார்கள். 1896இலிருந்து இந்திய சிவில் சர்வீசுக்கும் இவ்விடங்களுக்கும் ஒரே தேர்வு. தேர்வு என்றால் திறமை இருப்பவர் எவரும் எழுதலாம் என்றுதான் நினைப்போம். இந்திய சிவில் சர்வீசில் சத்தியேந்திரநாத் தாகூர் 1863லேயே தேறிவிட்டார். இலங்கை சிவில் சர்வீசில் பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டித் தேர்வின் வழியே நுழைந்தார். இந்த முன்னுதாரணங்கள் இருந்தும், 1904இல் மலாயாவுக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் உரிய விதியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: தேர்வு எழுதுபவர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தூய ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினரான யூரேசியர்களுக்கும் அத்துடன் கதவு அடைபட்டது. மற்ற இடங்களில் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே திறந்திருந்த சிறு இடுக்கையும் சாத்தினார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது யாரும் பேசவில்லை. 1934இல் ஆசியர்களுக்கென ‘நீரிணைக் குடியேற்றச் சிவில் சேவை’ என்ற தனிப்பிரிவைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் சாப்பிடும் மேசையில் இடமில்லை என்று பிள்ளைகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டதைப் போன்ற ஏற்பாடு அது.

கீழ்ப்படிகளில் இருந்தவர்கள் கிராணிமார்கள். மலாயாத் தமிழில் எழுத்தருக்கு இதுதான் பெயர். தோட்டத்திலும் கிராணி, துறைமுகத்திலும் கிராணி, கச்சேரி எனப்பட்ட அரசாங்க அலுவலகத்திலும் கிராணி. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் ரயில்வேயிலும் கருவூலத்திலும் நில அளவைத் துறையிலும் பெருமளவில் சேர்ந்ததை வழிகாட்டி விரிவாகப் பேசினார். அப்போது குழுவில் இருந்த முதியவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “அப்பா முப்பது வருசம் ரயில்வே கிராணியாத்தான் இருந்தவர், தம்பி. புதுசா வாற துரைக்கு வேலை பழக்கினதும் அவர்தான்; பழகி முடிஞ்சதும் அந்தத் துரை அவருக்கு மேலதிகாரி” என்றார். “அப்பா அதைப் பற்றி வருத்தப்படுவாரா, ஐயா?” என்று கேட்டேன். “வருத்தப்படுறதுக்கு என்ன இருக்கு? அதுதான் வழமை எண்டு இருந்தவர். சப்பான்காரன் வந்த பிறகுதான் மாறினது” என்றார்.

ஜப்பானியர் வந்த பிறகு என்ன மாறியது என்பதை வழிகாட்டி இரண்டே நிமிடத்தில் கடந்துபோனது இந்த நடையின் முதல் பெரிய குறை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆங்கிலேய அதிகாரிகள் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். தண்ணீரும் மின்சாரமும் மருத்துவமனையும் பதிவேடுகளும் நின்றுவிடவில்லை. ஜப்பானிய அதிகாரிகளின் கீழ் அவற்றை நடத்தியவர்கள் நேற்றுவரை உதவியாளர்களாக இருந்தவர்கள். துரை இல்லாவிட்டால் கச்சேரி நடக்காது என்ற நம்பிக்கை மூன்றரை ஆண்டுகளில் உடைந்துபோனது. 1945இல் திரும்பிவந்தவர்கள் பழைய நாற்காலிகளில் மீண்டும் அமர்ந்தாலும், பக்கத்து மேசையில் இருந்தவரின் பார்வை பழையதாக இல்லை. முதியவரின் ஒரே வாக்கியம் திறந்துவிட்ட இந்த வாயிலை வழிகாட்டி பயன்படுத்தியிருக்கலாம். நேரம் ஆகிவிட்டது என்று கையேட்டின் ஆறாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு புகைப்படமும் நான்கு வரிகளும் மட்டுமே உள்ளன.

ஆனால் அடுத்து வந்த பகுதிக்காக அவரை மன்னிக்கலாம். ஊதியக் கணக்கை இவ்வளவு சுவையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

போருக்குப் பின், 1947இல், ஹாரி டிரஸ்டட் தலைமையிலான ஆணையம் அரசாங்கச் சேவையின் சம்பளங்களை ஆராய்ந்தது. பதவிக்கு ஒரே சம்பளம், வெளியிலிருந்து வந்தவருக்கு அதற்குமேல் ‘அயல்நாட்டுப் படி’ என்பது அதிலிருந்து நிலைபெற்ற ஏற்பாடு. தோலின் நிறத்தைப் பார்த்து இரண்டு சம்பளம் கொடுப்பதைவிட இது நாகரிகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் படி என்பது சம்பளத்தின் தம்பி, வளர்ந்துகொண்டே போகும். 1952இல் அயலக அதிகாரிகளின் குடும்பங்களுக்கென்று சிறப்புக் குடும்பப் படி வழங்க அரசாங்கம் முன்வந்தது. உள்ளூர் அதிகாரிக்கும் மனைவி மக்கள் உண்டு, அவர்களுக்கும் பசிக்கும், பள்ளிக் கட்டணமும் உண்டு என்பதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. உள்ளூர் அதிகாரிகளின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு நடவடிக்கை மன்றம் ஒன்றை அமைத்தன. அதன் முன்னணியில் நின்றவர்கள் சமூகநலத் துறையில் இருந்த கோ கெங் சுவீயும் சட்டம் படித்த அதிகாரி கென்னி பர்னும். அஞ்சல்காரர்களுக்காக எழுதிய அதே ராஜரத்தினத்தின் பேனா இவர்களுக்கும் துணைநின்றது.

இந்த இடத்தில் வழிகாட்டி பேச்சை நிறுத்தி, ஏழு ஆண்டுகள் தாண்டினார். 1959இல் லீ குவான் இயூவின் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்தது. கோ நிதியமைச்சர், பர்ன் தொழிலாளர், சட்ட அமைச்சர். கருவூலத்தில் பற்றாக்குறை. புதிய அரசாங்கம் எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று, உயர்நிலை அரசாங்க அதிகாரிகளின் மாறும் படிகளைக் குறைத்தது! படிக்காகப் போராடி மேலே வந்தவர்கள் மேலே வந்ததும் படியை வெட்டினார்கள். துரையின் நாற்காலிக்காகக் காத்திருந்த உள்ளூர் அதிகாரி, அதில் உட்கார்ந்த அன்றே அதன் மெத்தை உருவப்பட்டதைக் கண்டார். 1961இல் அது மீட்டளிக்கப்பட்டது என்றாலும் அந்த இரண்டு ஆண்டுக் கசப்பு சாதாரணமானதன்று. அதே 1959 ஆகஸ்டில், ஆங்கிலம் படித்த அதிகாரிகளுக்கு நாட்டின் அரசியல் நிலைமையைக் கற்பிக்க குட்வுட் ஹில்லில் அரசியல் கல்வி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு ஜார்ஜ் தாம்சன் என்ற பிரித்தானிய அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளூர் அதிகாரிகளுக்கு உள்ளூரைக் கற்றுத்தர ஒரு வெள்ளைக்காரர்! குழு சிரித்தது, வழிகாட்டி சிரிக்கவில்லை. நாற்காலி மாறுவதும் நடத்தை மாறுவதும் வேறு வேறு வேலைகள், இரண்டாவதற்குத் தகுதியானவர் யாராக இருந்தாலும் அவரை வைத்துக்கொள்ளும் துணிவு அந்த அரசாங்கத்துக்கு இருந்தது என்று அவர் விளக்கினார். நான் அதை முழுதும் ஏற்கவில்லை. புதிய ஆட்சி கீழ்ப்படிதலைத்தான் முதலில் எதிர்பார்த்தது, துணிவு என்பது பிற்காலத்துப் பூச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சுற்றுலா வழிகாட்டியோடு மனத்துக்குள் வாதிட்டுக்கொண்டே நடக்க நேர்ந்தது இதுவே முதல் முறை, அதற்கே பாதிப் பணம் தகும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். அயல்நாட்டிலிருந்து வந்த உயரதிகாரியைக் குறிக்க வழிகாட்டி ‘வெளிநாட்டு ஊழியர்’ என்று பலமுறை சொன்னார். இன்றைய சிங்கப்பூர்த் தமிழில் இந்தத் தொடருக்கு வேறு பொருள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலைபார்க்கும் நம் தம்பிமார்களைத்தான் அது குறிக்கிறது. அப்படி ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், விடுப்பு நாளில் எங்களோடு வந்திருந்தார். ‘வெளிநாட்டு ஊழியர்களுக்கு வீடும் கப்பல் பயணமும் குடும்பப் படியும்’ என்று மூன்றாவது முறை கேட்டதும் அவர், “அக்கா, எங்களுக்கும் அதே பேர்தான். படி மட்டும் இன்னும் வந்து சேரலை” என்றார். அதற்குப் பிறகு வழிகாட்டி ‘அயலக அதிகாரி’ என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டார். கையேட்டின் அடுத்த பதிப்பிலும் மாற்றினால் நல்லது.

ஒலிக்கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: ஆற்றங்கரையில் நன்றாகக் கேட்டது, சாலையோரத்தில் கரகரத்தது, பாதிப் பேர் கழற்றிவிட்டுக் கிட்டப் போய் நின்றார்கள்.

அடுத்த நிறுத்தம், இப்போது கலைகளின் இல்லமாக இருக்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடம். 1955 ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகு சட்டமன்றம் கூடிய இடம் இது. 32 இடங்களில் 25க்கு மட்டுமே தேர்தல். பத்து இடங்களை வென்ற தொழிலாளர் முன்னணியின் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். ஆனால் நிதி, சட்டம், தலைமைச் செயலகம் ஆகிய மூன்றும் கவர்னரின் ஆங்கிலேய அதிகாரிகள் கையிலேயே இருந்தன. மார்ஷலுக்கு உட்காரச் சரியான ஓர் அறைகூட ஒதுக்கப்படவில்லை என்பதும், எம்பிரஸ் பிளேஸில் தாம் மதிய நேரக் கூட்டங்கள் நடத்திய ‘பழைய ஆப்பிள் மர’த்தடியில் மேசை போட்டு அலுவல் பார்ப்பேன் என்று அவர் மிரட்டியதும் இவ்வூரில் பலமுறை சொல்லப்பட்ட கதை. வழிகாட்டி அதை நடித்தே காட்டினார். மிகையான நடிப்புதான், ஆனால் அலுவலக அறை ஒன்றைப் பெறுவதே அதிகார மாற்றத்தின் முதல் சண்டையாக இருந்ததென்பது அதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

இங்கேதான் கையேட்டில் பெரிய பிழை ஒன்றைக் கண்டேன். மலாயாமயமாக்க ஆணையத்தை அமைத்தவர் லிம் இயூ ஹாக் என்று அதில் அச்சாகியிருக்கிறது. ஆணையம் அமைந்தது 1955இல், மார்ஷலின் காலத்தில். லிம் முதலமைச்சரானது மார்ஷல் 1956 ஜூனில் விலகிய பிறகு. இதைச் சுட்டிக்காட்டியபோது வழிகாட்டி உடனே ஒப்புக்கொண்டு தம் பிரதியில் திருத்திக்கொண்டார். அதைவிடப் பெரிய குறை, ஆணையத்தின் தலைவரைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரியும் இல்லாதது. அவர் டாக்டர் பி. ஆர். ஸ்ரீனிவாசன், மருத்துவர், இந்திய வம்சாவளியினர். பிற்பாடு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஆங்கிலேய அதிகாரிகளை எவ்வளவு விரைவில் மாற்றலாம் என்று ஆராய்ந்த ஆணையத்துக்கு இந்தியப் பெயர் கொண்ட ஒருவர் தலைமை தாங்கினார் என்பதைத் தமிழில் நடத்தப்படும் ஒரு சுற்றுலா சொல்லாமல் விடுவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மறந்ததற்கு ஒப்பு.

பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர் என்றால் யார் என்ற கேள்விதான் மலாயாமயமாக்கத்தின் நடுமுடிச்சு. அந்தப் பெயரைத் தவறவிட்டதால் அந்தக் கேள்வியும் நடை முழுவதிலும் தவறிப்போனது. ஆணையம் 1956இல் அறிக்கை அளித்தபோது சிங்கப்பூருக்கென்று குடியுரிமை கிடையாது. குடியுரிமைச் சட்டம் 1957இல்தான் வந்தது. அப்படியானால் கிளந்தானில் பிறந்து இங்கே வேலைபார்ப்பவர் உள்ளூர்க்காரரா? யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது ஆண்டுகளாக இங்கே இருப்பவர்? இங்கேயே பிறந்த ஆங்கிலேயரின் மகன்? மாற்றத்தின் பெயரே ‘மலாயா’ என்று இருந்தது, சிங்கப்பூர் என்று இல்லை. கடற்பாலத்துக்கு அப்பால் மலாயாக் கூட்டரசில் அதே சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. அங்கே 1905இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி திறக்கப்பட்டு, 1910 முதல் மலாய் நிர்வாகச் சேவை என்ற ஏணி இருந்தது. மலாயா சிவில் சேவை மலாய்க்காரர் அல்லாத ஆசியர்களுக்குத் திறந்தது 1950களின் தொடக்கத்தில்தான். அப்போதும் நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற விகிதத்தில். ஆகவே சிரம்பானில் இருந்த கிராணியின் மகனுக்கும் செரங்கூனில் இருந்த கிராணியின் மகனுக்கும் துரை விட்டுச்சென்ற நாற்காலி ஒரே தொலைவில் இருக்கவில்லை. ரயில்வே கிராணியின் மகனான அந்த முதியவர் சிங்கப்பூருக்கு ஏன் வந்தார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடாங் திடலில் வெயில் ஏறிவிட்டது. திடலின் ஒரு முனையில் 1852இல் தொடங்கிய கிரிக்கெட் சங்கம், நெடுங்காலம் ஐரோப்பியர்களுக்கே உரியது. மறுமுனையில் 1883இல் யூரேசியர்கள் அமைத்த பொழுதுபோக்குச் சங்கம். நடுவில் புல். வழிகாட்டி இங்கே எதுவும் விளக்காமல் ஒரு நிமிடம் நிற்கவிட்டது நல்ல முடிவு.

நகர மண்டபப் படிகளில் நடை முடிகிறது. 1959 ஜூன் 5இல் புதிய அமைச்சரவை பதவியேற்ற இடம். இப்போது தேசியக் கலைக்கூடத்தின் பகுதி. இங்கே வழிகாட்டி இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, விலகிச்சென்றவர்களின் கணக்கு. பிரித்தானியக் குடியேற்றங்களில் பொதுவாக வழங்கிய ஈட்டுத்தொகைத் திட்டத்தில், ஓய்வூதியத்தோடு, பாதியில் முறிந்த பணிவாழ்வுக்காக ஒரு மொத்தத் தொகையும் உண்டு. நாற்பது வயதையொட்டியவர்களுக்கே அது மிகுதி. இளையவருக்கு வேறு வேலை கிடைக்கும், மூத்தவர் எப்படியும் ஓய்வுபெறப் போகிறவர், நடுவயதினர்தான் இரண்டும் கெட்டான் நிலையில் நிற்பவர் என்பது அதன் தர்க்கம். அந்தத் தொகை புதிய நாடுகளின் கருவூலத்துக்குச் சுமையானதும், போக வேண்டியவரைப் போகவிடவே பணம் கொடுக்க வேண்டியிருந்ததும் ஒரு பக்கம். திறமையானவர்கள் தொகையை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பிவிடும் ஆபத்து மறுபக்கம். இவ்வளவு நுட்பமான செய்தியை வெயிலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் புரியவைத்தது சாதாரணத் திறமையன்று.

மற்றொன்று, வந்து அமர்ந்தவர்களைப் பற்றியது. 1951 ஜனவரி 1இல் பொதுச் சேவை ஆணையம் தொடங்கியது; நியமனமும் பதவி உயர்வும் கவர்னரின் விருப்பத்தையோ கட்சியின் விருப்பத்தையோ சாராமலிருக்க அமைந்த வேலி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1949இல், ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் இணைத்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அதற்கு முன் ராஃபிள்ஸ் கல்லூரியில் கிடைத்தது பட்டயம்தான், பட்டமன்று. பட்டம் வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும், கப்பலேறப் பணமோ அரசியார் உதவித்தொகையோ வேண்டும். ‘தகுதியுள்ள உள்ளூர்க்காரர் இல்லை’ என்று துரைமார்கள் சொல்லிவந்ததன் பின்னணி இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டயம் பெற்று 1955இல் மருத்துவமனைச் சமூக ஊழியராகச் சேவையில் நுழைந்த எஸ். ஆர். நாதன், 1999இல் நாட்டின் அதிபரானதை வழிகாட்டி எதிர்பார்த்தபடியே எடுத்துக்காட்டாகச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. அதிபராகாத, பெயர் தெரியாத, 1956இல் திடீரென்று ஒரு துறையைத் தலையில் சுமக்க நேர்ந்த முப்பது வயது அதிகாரி முதல் நாள் எந்தக் கோப்பை முதலில் திறந்தார், யாரிடம் சந்தேகம் கேட்டார் என்பதைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். தேதிகளும் கணக்குகளும் நிறைய வருவதால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று. மூத்தவர்களை அழைத்துப்போவது மிக நல்லது, அவர்களுடைய நினைவுகள் கையேட்டைவிட நம்பகமானவை. காலை எட்டரை மணி நடையையே பதிவு செய்யுங்கள்; நான்கு மணி நடையில் பாடாங்கில் நிழலே கிடைக்காது என்று வழிகாட்டியே எச்சரித்தார். எம்பிரஸ் பிளேஸில் கழிப்பறைக்கு நேரம் தருகிறார்கள், அதற்குப் பிறகு நகர மண்டபம் வரை இல்லை. கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் முதலமைச்சரின் பெயரை நீங்களே பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் ஸ்ரீனிவாசனைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த முறைக்குப் படித்துவிட்டு வருவதாக வழிகாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார்.